பதினோராவது

டுவேன் ஹ்ருஸ்காவின் இன்ஜின்
செப்டம்பர் கடைசிப் பந்தயத்தில், மூன்றாம் வளைவில் செத்தது.
கனெக்டிங் ராடு பிளாக்கைக் கிழித்து எட்டிப் பார்த்ததை
பின்னால் வந்த நான்
அவன் எண்ணெயை முகத்தில் வாங்கியபடி பார்த்தேன்.

பிப்ரவரியில் அந்தப் பிணத்தை
நூற்றிநாற்பது டாலருக்கு வாங்கினேன்.
ஆறு வருஷம் என்னைத் தோற்கடித்த இன்ஜின்.
உள்ளே என்ன இருந்தது என்று
ஒருமுறை பார்த்துவிட வேண்டாமா?

வெளியே அயோவா. மைனஸ் பத்தொன்பது.
அறுத்த சோளக் கட்டைகள்
பனியில் மீசைபோல் நிற்கின்றன.
உள்ளே கேஸ் அடுப்பு முதுகைச் சுடுகிறது,
முழங்கால் விறைக்கிறது.

முட்டை அட்டையில் பன்னிரண்டு,
இன்னொரு அட்டையில் நாலு.
பதினாறு ரோலர் லிஃப்டர்.
ஒவ்வொன்றிலும் அவன் மஞ்சள் பெயின்ட் எண்,
அரசாங்கப் படிவம் நிரப்புகிறவன்போல் குண்டு குண்டாக.

தட்டை அடி லிஃப்டர் என்றால்
தேய்ந்த கேமோடுதான் அதற்கு வாழ்வும் சாவும்,
புதுக் கேம் போட்டால் இரண்டும் நாசம்.
உருளைக்கு அந்தப் பிடிவாதம் இல்லை.
உடம்பு சரியாயிருந்தால்
வேறு வீட்டிலும் குடியேறும்.

உடம்பு சரியாயிருந்தால்.
ராடு உடைந்த எண்ணெயில் இரும்புத் தூள் நீந்தியிருக்கும்.
பிரித்தேன். மண்ணெண்ணெயில் அலசினேன்.
கையுறையைக் கழற்றினேன்;
ரப்பருக்குத் தெரியாதது விரல் நுனிக்குத் தெரியும்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதமாம்.
சமையலுக்குச் சரி.
இங்கே பதினாறையும் நசுக்கிப் பார்க்க வேண்டும்.

காதருகே வைத்து மெல்ல உருட்டுகிறேன்.
நல்ல உருளை ஒன்றும் சொல்வதில்லை.
ஒன்று, இரண்டு, மூன்று, மௌனம்.
ஏழு, மௌனம்.
பத்து, கொஞ்சம் எண்ணெய் கேட்டது, அவ்வளவுதான்.
பதினொன்று
பாதிச் சுற்றில் ஓர் எழுத்தை விழுங்கியது.

திரும்ப உருட்டினேன்.
அதே இடம். சோற்றில் கல்போல.

பின்பக்கம் திருப்பினால்
மஞ்சள் பதினொன்றுக்கு அடியில்
வெள்ளை பெயின்டில் ஓர் ஏழு.
இடுப்பில் குறுக்குக் கோடு போட்ட ஏழு.

இந்த மாவட்டத்தில்
அப்படி ஏழு போடுகிறவள் நான் ஒருத்திதான்.

அலமாரியின் மேல் காபி டப்பா.
போன வருஷம் ஆகாது என்று தள்ளியவை.
ஐந்து போட்டேன். நாலு இருக்கிறது.

தம்பி ஆர்லோவுக்குப் போன் போட்டேன்.
"ஆகஸ்ட்ல," என்றான்,
"அவன் வந்து நின்னான், ஒண்ணு மாட்டிக்கிச்சுன்னு.
டப்பால சும்மாதானே கிடந்துது?"

"எந்த ராத்திரி?"

அவன் பதில் சொல்வதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது.
அரை கார் நீளத்தில் நான் தோற்ற ராத்திரி.

டுவேனைக் கூப்பிட்டேன்.
பின்னணியில் கன்றுக்குட்டிகள், ஒரு வாளி.
"மார்லிஸ், அதுலயே நாலு ரேஸ் ஓடினேன்" என்றான்.
"ராடுதான் போச்சு. உன் லிஃப்டர் போகல."
குரலில் கேலி இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

பிறகு புஷ்ராடுகளை எடுத்து
பழைய பிக்கப்பின் கதவுக் கண்ணாடிமேல் உருட்டினேன்.
வளைந்த இரண்டு நொண்டிக்கொண்டு போயின.
அவை எனக்குப் பிரச்சினையே இல்லை.
கண்ணுக்குத் தெரிகிற குற்றம் எவ்வளவு சுகம்.

இரவு பத்தரை.
அதைத் திரும்பவும் உருட்டினேன்.
மாட்டியது.
இன்னொரு முறை.
மாட்டியது.
என் விரல் சொன்னது சரி.
அவன் ஜெயித்ததும் சரி.
இரண்டையும் ஒரே முட்டைக் குழியில் வைக்க
இடம் போதவில்லை.

பதினைந்து பழையது, என் பிளாக்குக்கு.
பதினொன்று புதிது, முப்பத்தெட்டு டாலர்.
பில்லை ஆர்லோவுக்கு அனுப்பினேன்.

அந்த ஏழை மட்டும்
டப்பாவில் திரும்பப் போடாமல்
கோட்டுப் பையில் வைத்திருக்கிறேன்.
சிக்னலில் நிற்கும்போது கட்டைவிரல் தானாக உருட்டுகிறது,
எங்காவது ஒருநாள்
மாட்டாமல் போகிறதா என்று.